குதிகால் பக்கம்

கிளோஸ்டர்ஸ்
ஜனவரி 8, 2017

அன்புள்ள பார்லா அண்ணிக்கு,

கிறிஸ்துமஸ் அட்டை வந்தது. உங்கள் கையெழுத்தைத் தவிர அதில் ஒரு வார்த்தைகூட இல்லை. நான் அனுப்பியதிலும் அப்படித்தான். ஆகையால் அதைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

ஒரு காரியமாக எழுதுகிறேன். நேற்று பனிச்சரிவில் மேலே ஏற்றும் லிஃப்ட் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். பனிச்சறுக்குப் பலகையில் பூட்ஸைப் பூட்டும் பிடி இருக்கிறதல்லவா, என் பின்கால் பிடியின் குதிகால் கம்பி டக்கென்று முறிந்துவிட்டது. நின்றபோது முறிந்ததால் நானே உங்களுக்கு எழுதுகிறேன். சரிவில் முறிந்திருந்தால் வேறு யாராவது எழுதியிருப்பார்கள்.

கடைக்குப் போனேன். கெட்டி பூட்ஸுக்கான பிடிகளை இப்போது யாரும் இங்கே விற்பதில்லையாம். எல்லாரும் துணிச்செருப்பு மாதிரி மெத்தென்ற பூட்ஸைப் போட்டுக்கொண்டு வார் கட்டிக்கொள்கிறார்கள். கடைக்காரர் என் பிடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எங்க தாத்தா வீட்டுல இந்த மாதிரி ஒண்ணு இருந்துச்சு" என்றார். அவருக்கே நாற்பது வயதிருக்கும்.

மார்ச் மூன்றாம் ஞாயிறு நம் பனிச்சறுக்குச் சங்கத்தின் கூடல். குர்தின் அண்ணனின் பிடிகள் உங்கள் நிலவறையில் சும்மாதானே கிடக்கின்றன? அவற்றை எனக்குத் தாருங்கள். என் கால் அளவு நாற்பது. விலை சொன்னாலும் சரி.

உங்கள் நாத்தனார்,
நேசா


சமேதான்
ஜனவரி 12, 2017

நேசா,

உன் கடிதம் கிடைத்தது. ஒரு காரியம் ஆக வேண்டும் என்றதும் உனக்கு என் முகவரி நினைவுக்கு வந்திருக்கிறது. நல்லது.

முதலில் காரியத்தைப் பேசுவோம். "என் கால் அளவு நாற்பது" என்று எழுதியிருக்கிறாய். அது செருப்புக் கடையில் சொல்ல வேண்டிய எண். பிடிக்கு உன் காலைத் தெரியாது, பூட்ஸின் அடியைத்தான் தெரியும். ஒரே நாற்பதுக்கு ஒரு கம்பெனி பூட்ஸின் அடி நீளமாக இருக்கும், இன்னொன்றினது குட்டையாக இருக்கும். பூட்ஸைக் கவிழ்த்துப் பார். குதிகால் ஓரத்தில் மில்லிமீட்டரில் ஓர் எண் பொறித்திருப்பார்கள். தேய்ந்து போயிருந்தால் மேசைமேல் வைத்து, முன் நுனியிலிருந்து பின் நுனி வரை மரஸ்கேலால் அள. தையல் நாடா வேண்டாம், அது வளைந்து கொடுக்கும். எங்கள் கன்னிமாடப் பள்ளியில் சிஸ்டர் பெனெதிக்தா பாவாடை ஓரத்தைக்கூட மரஸ்கேலால்தான் அளப்பார்.

இருபத்தேழு வருடம் தபால் பஸ் ஓட்டியவள் நீ. டயர் வாங்கும்போது "கறுப்பாக ஒன்று கொடுங்கள்" என்றா கேட்டாய்?

அளவு தெரியாமல் பிடிகளைத் தருவதாக இல்லை. தெரிந்த பிறகும் தருவேன் என்று இப்போது சொல்வதற்கில்லை.

இன்னொன்று. குர்தினை அடக்கம் செய்துவிட்டு வந்து எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நீ சொன்னதை நான் மறக்கவில்லை. சங்கத்தார் அத்தனை பேர் முன்னாலும், "எங்க அண்ணிக்கு வலப்பக்கம் மட்டும்தான் திரும்ப வரும். இடப்பக்கம் திரும்பணும்னா எங்க அண்ணன் போய்த் தூக்கிட்டு வரணும்" என்றாய். ஃப்ளூரின் மேசையைத் தட்டிச் சிரித்தார். நான் கரண்டியைக் கீழே வைத்தேன். அதன்பிறகு சங்கத்தின் பக்கம் வரவில்லை.

பார்லா


கிளோஸ்டர்ஸ்
ஜனவரி 16, 2017

அண்ணிக்கு,

அளந்தேன். மரஸ்கேலால். சமையலறை மேசையில். 298.

பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் காட்டுகிற மாதிரி இருக்கிறது.

அன்று சொன்னதைப் பற்றி. அண்ணனைப் பற்றி எல்லாரும் அழுகிற மாதிரியே பேசிக்கொண்டிருந்தார்கள். அவருக்கு அது பிடிக்காது என்று தோன்றியது, சிரிக்கிற மாதிரி ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். வாயிலிருந்து வந்தது அதுதான். யோசித்துச் சொல்லவில்லை. யோசித்திருந்தால் வேறு ஏதாவது சொல்லியிருப்பேன், அதுவும் உங்களுக்குப் பிடித்திருக்காது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். அதற்காக இரண்டு வருடமாகக் கூடலுக்கே வராமல் இருப்பதா? நீங்கள் வராததால் அண்ணன் பேரையும் யாரும் எடுப்பதில்லை. எடுத்தால் என் முகம் வாடுமோ என்று பயப்படுகிறார்கள். அவர் உங்களுக்குப் புருஷன், எனக்கு அண்ணன். உங்களைவிட அதிக நாள் எனக்குப் பழக்கம்.

298. பிடிகளைத் தாருங்கள்.

நேசா


சமேதான்
ஜனவரி 21, 2017

நேசா,

நிலவறைக்குப் போனேன். குர்தினின் பிடிகளை எடுத்துத் துடைத்து, பிடித் தட்டின் அடியில் அச்சிட்டிருக்கும் பூட்ஸ் அளவைப் படித்தேன். 295 முதல் 345 வரை. உன் 298 அதற்குள் அடங்குகிறது. கணக்குப்படி மறுக்க எனக்குக் காரணம் இல்லை.

ஆனாலும் வைத்துப் பார்க்காமல் ஒரு பொருளை அனுப்புவது எனக்கு வழக்கம் இல்லை. உன் பூட்ஸ் இங்கே இல்லாததால் என் பூட்ஸைக் கவிழ்த்து அளந்தேன். என் கால் முப்பத்தொன்பது, உன்னைவிடச் சின்னது. ஆகவே அடியும் குறைவாக இருக்கும் என்று நினைத்தேன். 298! மூன்று முறை அளந்தேன். அடுத்தடுத்த இரண்டு அளவுகளுக்கு ஒரே வெளிக்கூட்டை வார்த்து உள்ளே மெத்தையை மட்டும் மாற்றுகிறார்கள் போல. இத்தனை வருடம் உன்னை "பெரிய கால்காரி" என்று சொல்லி வந்ததை இந்த மட்டில் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

பிறகு என் பூட்ஸைப் பிடியில் மாட்டிப் பார்த்தேன்.

பிடிகளைத் தர முடியாது. மேலே எழுத இப்போது மனமில்லை.

பார்லா


கிளோஸ்டர்ஸ்
ஜனவரி 25, 2017

அண்ணிக்கு,

தர முடியாது என்றால் முதல் கடிதத்திலேயே சொல்லியிருக்கலாமே! ஸ்கேல் எடு, கவிழ்த்துப் பார், அள என்று என்னை வேலை வாங்கிவிட்டு, அளவு சரியாக வந்த பிறகு முடியாது என்கிறீர்கள். அளவெல்லாம் சாக்கு. அந்தச் சாப்பாட்டு மேசையை விட்டு நீங்கள் இன்னும் எழுந்திருக்கவில்லை.

சரி. நேராகவே கேட்டுவிடுகிறேன். தப்புத்தான் அண்ணி, மன்னித்துவிடுங்கள். கோபத்தோடு கேட்கிறேன், ஆனாலும் கேட்கிறேன். அதை வைத்துக்கொள்ளுங்கள், பிடிகளையும் வைத்துக்கொள்ளுங்கள்.

கூடலுக்கு நான் வேடிக்கை பார்க்கப் போகிறேன். கீழே நின்று ஃப்ளூரினுக்குக் காபி ஊற்றிக் கொடுக்கிறேன்.

நேசா


சமேதான்
ஜனவரி 30, 2017

அன்புள்ள நேசா,

நீ மன்னிப்புக் கேட்ட விதம் உனக்குத்தான் வரும். ஏற்றுக்கொண்டேன்.

போன கடிதத்தை நான் பாதியில் நிறுத்தியது உன்மேல் கோபப்பட்டு அல்ல. கோபம் உன் அண்ணன்மேல். செத்தவர்மேல் கோபப்படுவது எப்படி என்று எனக்குப் பழக்கம் இல்லை. அதனால் பேனாவை மூடி வைத்தேன்.

நடந்தது இது. பிடியின் முன்பக்கம் ஒரு கட்டை, பின்பக்கம் ஒரு கட்டை. பலகைக்குக் குறுக்காக, பூட்ஸ் இந்தக் கட்டைகளுக்கு நடுவே உட்கார வேண்டும். அதன் நடு, பலகையின் அகலத்துக்கு நடுவில் வர வேண்டும். பிடியை அவர் பலகையில் வைத்து, என் பூட்ஸை மாட்டிவிட்டு முட்டி போட்டுப் பார்த்தேன். நடுவில் இல்லை. ஒரு கட்டைவிரல் அகலத்துக்குப் பின்னால் தள்ளி இருந்தது. குதிகால் பலகையின் ஓரத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

உனக்கு நினைவிருக்கும், ஆரம்பத்தில் எங்களிடம் ஒரே பலகைதான். குர்தின் ஒரு முறை இறங்குவார், நான் ஒரு முறை இறங்குவேன். மேலே லிஃப்ட் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து பிடியை எனக்காகச் சரிசெய்வார். முன்கட்டையைக் கையாலேயே நகர்த்தலாம். பின்கட்டைக்குத் திருகுளி வேண்டும், விரல் விறைத்துவிடும். ஆகவே பின்கட்டை எப்போதும் அவருடைய காலுக்கு இருந்த இடத்திலேயே இருக்கும், முன்கட்டை மட்டும் என்னை நோக்கிப் பின்னால் வரும். "ஆச்சு பார்லா, ஏறு!" என்பார். நான் ஏறுவேன்.

பிறகு எனக்கென்று ஒரு பலகை வாங்கினோம். அதற்கும் தன் அளவுப் பிடியையே, தன் கைப்பழக்கப்படியே பூட்டிவிட்டார்.

இடது கால் முன்னே வைத்து நிற்பவளுக்கு இடப்பக்கம் திரும்பினால் குதிகால் ஓரம்தான் பனியைக் கிழிக்க வேண்டும். பலகை சாயச் சாய, ஓரத்துக்கு முன்பே என் குதிகால் பனியில் உரசும். உரசியதும் ஓரம் மேலே தூக்கும், நான் இடுப்பில் விழுவேன். குர்தின் மேலிருந்து, "முழங்காலை மடக்கு, பயப்படாதே!" என்று கத்துவார். நான் பயந்தவள் அல்ல, நேசா. என் பூட்ஸின் குதிகால் மூலையைப் பார்த்தேன். வெள்ளையாகத் தேய்ந்து நார் நாராக நிற்கிறது. விரல் பக்கம் புதுசு மாதிரி பளபளக்கிறது. இத்தனை வருடம் என் கையாலேயே துடைத்து வைத்த பூட்ஸ். சாட்சி கையில் இருந்தும் நான் பார்க்கவில்லை.

உன் அண்ணன் கெட்டிக்காரர்தான். பிடி, பலகை, மெழுகு எல்லாம் அவர் பொறுப்பு என்று நானும் விட்டுவிட்டேன். சமையலறையில் அவரை உப்பு அளக்க விட்டேனா?

அந்தப் பின்கட்டையை முன்னால் நகர்த்தலாமே என்று நீ கேட்பாய். நகர்த்திப் பார்த்தேன். கடைசித் துளை வரை கொண்டுபோயும் பூட்ஸ் நடுவுக்கு வரவில்லை. அதற்குமேல் திருகு இரண்டு சுற்றில்தான் பற்றி நிற்கிறது. அச்சிட்ட எல்லைக்குள் இருப்பது வேறு, நடுவில் இருப்பது வேறு. 298-ஐ எல்லையின் ஓரத்தில் வைத்துக்கொண்டு உன்னைச் சரிவில் இறங்க விட மாட்டேன். உனக்குச் சின்ன அளவு வேண்டும், 298 அதன் நடுவில் விழ வேண்டும்.

பிப்ரவரி இரண்டாம் சனிக்கிழமை கூர் நகரில் பழைய விளையாட்டுச் சாமான் சந்தை. போ. உன் பூட்ஸைக் கையோடு எடுத்துப் போ. பழைய பிடி என்பதால் கம்பி வளையும் இடத்தை விரலால் தடவிப் பார், முடி போல ஒரு கோடு தட்டுப்பட்டால் வேண்டாம். பிளாஸ்டிக்கைச் சற்று முறுக்கிப் பார், வெளுத்தால் வேண்டாம். நீ ஒல்லி, ரொம்ப விறைப்பான பந்தயப் பிடி வேண்டாம். விற்பவர் அவசரப்படுத்தினால் நின்று நிதானமாக இன்னொரு முறை பார்.

உன் அண்ணி,
பார்லா


கிளோஸ்டர்ஸ்
பிப்ரவரி 13, 2017

அன்புள்ள அண்ணிக்கு,

கிடைத்துவிட்டது! முதலில் அதைச் சொல்லிவிட்டு மூச்சு வாங்கிக்கொள்கிறேன்.

உங்கள் கடிதத்தை ரயிலில் இரண்டு முறை படித்தேன். முதல் முறை அளவுக்காக, இரண்டாம் முறை அண்ணனுக்காக. "ஆச்சு பார்லா, ஏறு!" என்ற இடத்தில் அவர் குரலே கேட்டது. எனக்குச் சைக்கிள் சீட்டையும் அவர் அப்படித்தான் சரிசெய்து கொடுப்பார். கால் எட்டவே எட்டாது. "நீ வளந்துடுவ, ஏறு" என்பார்.

சந்தையில் பூட்ஸை ரொட்டிப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். ஒரு மூலையில் ஒருவர் இரண்டு ஜோடி கெட்டி பூட்ஸ் பிடி வைத்திருந்தார். பேச்சைக் கேளுங்கள்.

"பேரனுக்கா பாக்குறீங்கம்மா?"

"எனக்கு."

"உங்களுக்கா! அப்ப இந்தப் பெருசை எடுத்துக்குங்க. எல்லாக் காலுக்கும் சேரும்."

"எல்லாக் காலுக்கும் சேர்றது கால்மிதியடி. அந்தச் சின்னதைக் குடுங்க."

ரொட்டிப் பையிலிருந்து பூட்ஸை எடுத்து வைத்தேன். பிறகு ஸ்கேலை எடுத்தேன். அவர் பக்கத்துக் கடைக்காரரைப் பார்த்து, "இந்தம்மா பரிசோதனைக்கு வந்திருக்காங்கடா, பில்லை ஒளிச்சு வை" என்றார். நான் கம்பியைத் தடவினேன், பிளாஸ்டிக்கை முறுக்கினேன். ஒன்றும் வெளுக்கவில்லை. அடியில் 265 முதல் 325 வரை என்று போட்டிருந்தது. கூட்டி இரண்டால் வகுத்துக்கொள்ளுங்கள்.

"இதுக்கு முன்னாடி யாருது?" என்று கேட்டேன்.

"என் பொண்டாட்டியோடது. ரெண்டு குளிர்காலம் போட்டா, அப்புறம் பனிச்சறுக்கையும் விட்டா, என்னையும் விட்டுட்டுப் போயிட்டா."

"பிடியில குறை இல்லைன்னு தெரியுது" என்றேன். சிரித்துவிட்டு ஒரு மெழுகுக் கட்டியைச் சும்மா கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து பலகையில் பூட்டினேன். பூட்ஸ் நட்ட நடுவில் உட்காருகிறது, குதிகாலும் விரலும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி.

கூடலுக்கு வாருங்கள் அண்ணி.

நேசா


சமேதான்
பிப்ரவரி 17, 2017

அன்புள்ள நேசா,

கூட்டி வகுத்தேன். 295. மூன்று மில்லிமீட்டர் வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்கிறேன். நன்றாக வாங்கியிருக்கிறாய். "நின்று நிதானமாக" என்று எழுதியதை இப்படி எடுத்துக்கொள்வாய் என்று எதிர்பார்க்கவில்லை, ஆனாலும் சந்தோஷம். ஓர் அக்ரூட் கேக் தனிப் பார்சலில் வருகிறது. அறுப்பதற்கு முன் ஒருநாள் வைத்திரு.

கூடலுக்கு நான் வரவில்லை. காரணம் வருத்தம் அல்ல. என் பலகையில் இருப்பது அந்தப் பெரிய பிடிதான். குறை என்னவென்று தெரிந்துகொண்டே மறுபடி அதில் ஏறி, ஃப்ளூரின் முன்னால் இடுப்பில் விழ எனக்கு விருப்பம் இல்லை. தெரியாமல் விழுந்தது வேறு. சந்தையில் இருந்த இன்னொரு ஜோடி பெரியது என்று நீயே எழுதியிருக்கிறாய். அடுத்த வருடச் சந்தைக்கு நானே வருகிறேன்.

ஆனால் ஒன்றை உனக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வது? ஒரே ஒரு முறை, உரசாமல் இடப்பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டும். அறுபத்தெட்டு வயதில் இது ஓர் ஆசையா என்று கேட்காதே.

பார்லா


கிளோஸ்டர்ஸ்
பிப்ரவரி 20, 2017

அண்ணி,

மரஸ்கேல் வைத்திருப்பவர் நீங்கள். நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

உங்கள் பூட்ஸ் 298. என் பூட்ஸ் 298. நானும் இடது கால்தான் முன்னே. உயரத்தில் நாம் ஒரு விரல் வித்தியாசம், அது உங்கள் கொண்டை.

பூட்ஸை மட்டும் எடுத்துக்கொண்டு வாருங்கள். நான் ஒரு முறை, நீங்கள் ஒரு முறை. எந்தக் கட்டையையும் நகர்த்த வேண்டாம்.

கேக் ஒருநாள் தாங்கவில்லை.

நேசா


கிளோஸ்டர்ஸ்
மார்ச் 20, 2017

அண்ணி,

என் பலகை எங்கே?

நேற்றுச் சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் போய்விட்டீர்கள். எல்லாரும் சூப்புத் தட்டோடு உங்களைத் தேடினோம். பலகைகளை நிறுத்தும் இடத்தில் பார்த்தால் என் பலகையையும் காணோம். ஸ்டேஷனில் கேட்டேன். "கொண்டை போட்ட ஒரு அம்மா பலகையைக் குழந்தை மாதிரி அணைச்சுக்கிட்டு ரெண்டு மணி ரயில்ல ஏறினாங்க" என்றார்கள். கன்னிமாடத்தில் இதைத்தான் கற்றுக்கொடுத்தார்களா?

கீழே நடந்ததை நீங்கள் பார்த்திருக்க முடியாது, சொல்கிறேன். நீங்கள் மேலே பிடியைப் பூட்டியதும் ஃப்ளூரின், "பார்லா வர்றா, எல்லாரும் இடப்பக்கம் நில்லுங்க, அங்கதான் அவ வரமாட்டா" என்றார். எல்லாரும் இடப்பக்கம் போய் நின்றார்கள். நான் மட்டும் நகரவில்லை. நீங்கள் வலப்பக்கம் ஒரு வளைவு போட்டீர்கள். அடுத்த வளைவில் நேராக அவர்களை நோக்கி வந்தீர்கள். ஃப்ளூரின் காபியோடு ஓடினார் அண்ணி! காபி பாதி பனியில், பாதி அவர் கால்சட்டையில்.

பிறகு எல்லாரும் நடந்து போய்ப் பனியில் உங்கள் பலகை கிழித்த கோட்டைப் பார்த்தோம். கத்தியால் கீறின மாதிரி இருந்தது. ஃப்ளூரின் குனிந்து பார்த்துவிட்டு, "குர்தின் பாத்திருக்கணும்" என்றார். இரண்டு வருடத்தில் முதல் முறையாக என் முன்னால் அவர் பேரை எடுத்தார்கள். என் முகம் வாடவில்லை. அதன்பிறகு சாயங்காலம் வரை அண்ணன் பேச்சுத்தான்.

பலகையை அனுப்புங்கள்.

நேசா


சமேதான்
மார்ச் 22, 2017

அன்புள்ள நேசா,

பலகை இங்கே பத்திரமாக இருக்கிறது. எடுத்து வந்ததற்கு மன்னிப்புக் கேட்கப் போவதில்லை, சாப்பாட்டுக்கு நிற்காததற்குக் கேட்கிறேன். எல்லாரும் ஏதாவது சொல்வார்கள், நான் ஏதாவது பதில் சொல்ல வேண்டியிருக்கும், அதற்குமுன் நழுவிவிட்டேன்.

கீழே நடந்ததை நீ எழுதினாய். மேலே நடந்தது எனக்கு மட்டும்தான் தெரியும். வலப்பக்கம் முடிந்து உடம்பை மாற்றினேன். பலகை சாய்ந்தது. இன்னும் சாய்ந்தது. குதிகால் பனியில் உரசும் சத்தத்துக்காக என் காது காத்துக்கொண்டிருந்தது, வழக்கம்போல. சத்தம் வரவில்லை. காத்துக்கொண்டே இருந்ததில் வளைவு முடிந்துவிட்டது. ஃப்ளூரினை நோக்கி வந்தது வேண்டுமென்றே அல்ல. இரண்டாவது முறை வந்திருந்தால் வேண்டுமென்றே வந்திருப்பேன்.

நேற்று நிலவறையில் குர்தினின் பிடிகளை எடுத்து, பின்கட்டையைப் பழைய துளைக்கே திருப்பி, முன்கட்டையை அவருடைய பூட்ஸ் அளவுக்கே முன்னால் நகர்த்தினேன். அவருடைய பூட்ஸை மாட்டி மூடினேன். நட்ட நடுவில் உட்கார்ந்தது. அவருக்கு அது எப்போதும் சரியாகத்தான் இருந்திருக்கிறது. அப்படியே சுவரில் மாட்டிவிட்டேன்.

இங்கே ஏப்ரல் நடுவரை பனி நிற்கும். சனிக்கிழமை முதல் ரயிலில் வா. பூட்ஸ் மட்டும் போதும். திருகுளி கொண்டுவராதே.

முதல் முறை நான்தான் இறங்குவேன்.

உன் அண்ணி,
பார்லா